மாடியறைக்காரரின் இருமல்

உதாரணப் பேர்வழி என்றொரு இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. உங்களையும் என்னையும் போலச் சட்டை போட்டிருப்பார், செருப்புப் போட்டிருப்பார், வரிசையில் நின்று பஸ் ஏறுவார். வாயைத் திறக்கும்வரை ஆபத்தில்லை. "எட்டாம் நம்பர் போயிடுச்சா?" என்று நீங்கள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. போய்விட்டது, போகவில்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லி முடிக்க அவருக்கு மனம் வராது. "இப்ப ஒரு பேச்சுக்கு நீங்கதான் அந்த பஸ்னு வெச்சுக்குவோம்" என்று ஆரம்பிப்பார். நீங்கள் பஸ்ஸாகி, உங்களுக்கு ஒரு டிரைவர் கிடைத்து, டயர் தேய்ந்து, திருப்பத்தில் மழை பிடித்து, முக்கி முனகி நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள், நிஜமான எட்டாம் நம்பர் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிருக்கும்.

இந்த இனத்தில் டாக்டர் உண்டு. "இதயத்தை ஒரு தண்ணி மோட்டார்னு வெச்சுக்குங்க" என்பார். நோயாளி பயபக்தியோடு வீட்டுக்குப் போய் மோட்டாருக்கு எண்ணெய் விடுவார். வக்கீல் உண்டு, மேலாளர் உண்டு, மாமனார்கள் ஏராளம். ஆனால் இந்த இனம் செழித்து வளரத் தோதான இடம் வகுப்பறைதான். மற்ற இடங்களில் கேட்பவர் எழுந்து போய்விடலாம். வகுப்பில் மணி அடிக்க வேண்டும்.

நம்முடைய ஆள் ஒரு வேதியியல் வாத்தியார். பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஆய்வகத்தை ஒட்டிய அறையில், இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'உதாரணம்'. "டேய், உதாரணம் வருதுடா" என்ற குரல் மாடிப்படியில் கேட்கும். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான். "பாடத்தை எல்லாரும் சொல்லுவாங்க. நான் காட்டறேன்" என்று ஆசிரியர் அறையில் சொல்வார். எப்படிக் காட்டுகிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள்.

வீட்டில் மட்டும் இந்தச் சரக்கு விலைபோகவில்லை. மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. ஒரு நாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "குழாய் ரிப்பேர்காரர் வந்தாரா?" என்று கேட்டார்.

"வந்தாரு. அதாவது, அந்த வாஷர் இருக்கு பாத்தியா, அதை நீ ஒரு ஆபீஸ் வாட்ச்மேன்னு வெச்சுக்கயேன். வயசாயிடுச்சு. யாரையும் உள்ள விடாதேன்னு சொன்னா, ஒருத்தன் ரெண்டு பேர் நைசா..."

"ஏங்க, நாள் பூரா கவுண்டர்ல நானூறு பேருக்கு வாய் வலிக்கப் பதில் சொல்லிட்டு வந்திருக்கேன். ஒழுகுதா, நின்னுடுச்சா?"

"ஒழுகுது."

"இதுக்கு எதுக்கு வாட்ச்மேனு?"

பாவம், இவளுக்குக் கற்பனை போதாது என்று நினைத்துக்கொண்டு அவர் குழாய்க்கு அடியில் வாளியைத் தள்ளி வைத்தார்.

அவருடைய கிரீடத்தில் வைத்த கல் போல ஒரு பாடம் உண்டு: வேதிப் பிணைப்பில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் பங்கு. புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம். அணுவின் நடுவில் உட்கரு. சுற்றிலும் கூடு கூடாக எலக்ட்ரான்கள். உள்கூடுகளில் இருப்பவை உட்கருவின் பிடியில் இறுகிக் கிடக்கும். ஆகவே இன்னொரு அணுவோடு சேர்வதும் பிரிவதும் கடைசிக் கூட்டில் இருப்பவற்றின் காரியம். இவ்வளவுதான். இந்த ஒன்றரைப் பக்கத்தை அவர் நான்கு வகுப்பு நடத்துவார்.

சோடியம் ஒரு மூன்றடுக்கு வீடு. கீழே இரண்டு பேர், நடுவில் எட்டுப் பேர், மொட்டை மாடியறையில் ஒண்டியாக ஒருவர். எதிர்வீடு குளோரின். அங்கேயும் கீழே இரண்டு, நடுவில் எட்டு. ஆனால் மாடியறையில் ஏழு பேர், ஒரு கட்டில் காலி. இந்த வீட்டு மாடிக்காரருக்குத் தூக்கம் வராது. எதிர்வீட்டு மாடியில் ஏழு பேர் பேசிச் சிரிக்கும் சத்தம். ஒரு நாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விடுகிறார். இந்த வீட்டு மாடி ஒழிந்தது, அந்த வீட்டுக் கட்டில் நிரம்பியது. அன்றிலிருந்து இரண்டு வீடுகளுக்கும் பிரிக்க முடியாத உறவு. அதுதான் உப்பு.

முதல் வருஷம் கதை இவ்வளவாகத்தான் இருந்தது. யார் குறை சொல்ல முடியும்? மணியான உதாரணம். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் உதாரணப் பேர்வழிக்கு உதாரணம் என்பது வளர்த்த பிள்ளை. வருஷா வருஷம் அதற்குப் புதுச் சட்டை வாங்க வேண்டும். மாடியறைக்காரருக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. எதிர்வீட்டில் கறாரான ஒரு வீட்டுக்கார அம்மா முளைத்தார். பதினோராம் வருஷம், சாப்பாட்டு வேளைக்குப் பிந்திய வகுப்பில், பாதிப் பேர் கண் செருகிக்கிடந்தபோது, மாடியறைக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியாருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்து, இரண்டு தடவை இருமினார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மறுநாள் அடுத்த பிரிவில் அதே இடத்தில் வேண்டுமென்றே இருமினார். அங்கும் சிரித்தார்கள். அன்று முதல் மாடியறைக்காரருக்கு நிரந்தரமாக இருமல். இருபத்திரண்டாம் வருஷத்தில் அந்த நான்கு வகுப்பிலும் சேர்த்து 'எலக்ட்ரான்' என்ற சொல் ஐந்து தடவை வந்தது. இருமல் முப்பது தடவை.

அந்த வருஷம் ஜன்னலோரத்தில் உட்காரும் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"சார், மாடியில இருக்கறவர் எதுக்குப் போறாரு?"

"தனியா இருக்காரும்மா. போரடிக்குது."

"எலக்ட்ரானுக்கு எப்படி சார் போரடிக்கும்? அதுவா போகுதா, இல்ல யாராவது இழுக்கறாங்களா?"

"நல்ல கேள்வி. இப்ப ஒரு பேச்சுக்கு உங்க வீட்டுல ஒரு பூனை இருக்குன்னு வெச்சுக்க."

"பூனை வேண்டாம் சார். எதனாலன்னு மட்டும் சொல்லுங்க."

"அதுக்குத்தாம்மா பூனை" என்றார் அவர். பூனை பால் குடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அவளுக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று அவர் யோசிக்கவே இல்லை. பூனை நன்றாக அமைந்துவிட்டதே, இதை எப்படி வளர்ப்பது என்றுதான் வீடு போகும் வழியெல்லாம் யோசித்தார்.

இனி பரீட்சை. அரசாங்கப் பொதுத்தேர்வு. கேள்வித்தாளில் இருபத்தேழாவது கேள்வி, ஐந்து மதிப்பெண்: 'வேதிப் பிணைப்பில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் பங்கைச் சோடியம் குளோரைடைக் கொண்டு விளக்குக.' அன்று மாலை வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் நின்று, வெளியே வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு முகமும் மலர்ந்திருந்தது. "பின்னிட்டோம் சார்" என்றான் ஒருவன். அவருக்குக் கண்கள் பனித்துவிட்டன.

மூன்று வாரம் கழித்து விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவருக்கும் உத்தரவு வந்தது. ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கம். தரையில் பந்தாட்டக் கோடுகள். கோடுகளின் மேல் நீள மேஜைகள். மேஜைக்கு ஆறு பேர். ஆளுக்கு ஒரு பள்ளியின் விடைத்தாள் கட்டு, இரண்டு சிவப்புப் பேனா. தாளில் பள்ளியின் பெயரோ மாணவர் பெயரோ இருக்காது, எண்தான். தன் பள்ளிக்கூடத்துத் தாள் தன் கைக்கு வராதபடி பார்த்துத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். பக்கத்து நாற்காலிக்கு வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

பக்கத்து நாற்காலியில் வேறொரு பள்ளியின் ஆசிரியை. முழு மதிப்பெண் போட்டதாகச் சரித்திரமே இல்லாதவர். எதிலாவது அரை குறைப்பார். முகாமில் அவருக்குப் பெயரே 'அரை மார்க்கம்மா'. காலை பதினொரு மணிக்கு, ஒரு தாளில் இருபத்தேழாம் கேள்விக்கு வந்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'சோடியம் ஒரு மூன்றடுக்கு வீடு. கீழே இரண்டு பேர், நடுவில் எட்டுப் பேர். மாடியறையில் ஒருவர் தனியாக இருக்கிறார். அவருக்கு இருமல்.'"

மேஜையே சிரித்தது. நம்மவருக்குக் காது மடல் சுட்டது.

"எந்த வாத்தியார் கைங்கரியமோ" என்றார் எதிரில் இருந்தவர்.

"பாடத்துக்கு நேரம் பத்தலையோ என்னவோ, கதையோட நிறுத்திட்டாரு" என்றது இன்னொரு குரல்.

அந்தக் குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? நம்மவருடையதுதான். சொல்லிவிட்டு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிக்கவும் செய்தார். கோழைத்தனம் என்பீர்கள். ஐந்து சக ஆசிரியர்கள் சிரிக்கும்போது, 'அது நான்தான்' என்று கையைத் தூக்கும் ஆண்மகனை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த தாள் வந்தது. அதிலும் இருமல். அதற்கடுத்த தாளில் ஒரு முன்னேற்றம்: மாடியறைக்காரர் இருமலோடு போய்ச் சேர்ந்ததால்தான் குளோரின் நச்சு வாயுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், மழையில் நனைந்தால் இருமல் முற்றிவிடும் என்பதால் சோடியத்தைத் தண்ணீரில் போடக்கூடாது. வேறொருவர் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தார்: கட்டில், பாய், டிரான்சிஸ்டர், வீட்டுக்கார அம்மா. படத்தில் எலக்ட்ரானைத் தவிர எல்லாம் இருந்தது.

பத்தாவது தாளுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. நம்மவர் தன் முன்னால் இருந்த தாளின் ஒரே வரியைக் கால்மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. சொன்னதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவில் வைத்திருந்தார்கள். எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதைத்தான் அவர் சொல்லித் தரவில்லை.

இருபத்தொன்றாவது தாளில் அரை மார்க்கம்மா பேனாவை மூடிவிட்டுக் கையைத் தூக்கினார். தலைமைத் திருத்துநர் வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு வாக்கியத்தில் இரண்டு வினைச்சொல் வந்தால் ஒன்றை அநாவசியம் என்று நினைக்கிற ஜாதி.

"சார், இருபத்தொரு தாள் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அதே வீடு, அதே பாய், அதே இருமல். வாக்கியம் கூட மாறல. இது கூட்டா காப்பி அடிச்சது."

அவர் நான்கு தாளைப் புரட்டினார். "கட்டை மூடுங்க. பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் ரிசல்ட்டை நிறுத்தி வெச்சுட்டு விசாரணைக்கு எழுதறேன்."

விசாரணை என்றால் ஆறு மாதம். அதற்குள் எல்லா இடத்திலும் சேர்க்கை முடிந்துவிடும். நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த பையன் ஒருவன் இருந்தான், கடைசி பெஞ்சு, தாய் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. "பின்னிட்டோம் சார்" என்று சொன்னவன் அவன்தான். இன்னொரு பக்கம், தன் பள்ளித் தாளுக்காகப் பேசுகிற ஆசிரியருக்கு முகாமில் இடம் கிடையாது. வெளியே அனுப்பி, மெமோ கொடுத்து, மூன்று வருஷம் ஒதுக்கி வைப்பார்கள். இதையெல்லாம் அவர் நிறுத்துப் பார்த்து யோசித்தார் என்று சொன்னால் அது பொய். யோசிக்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், அது காப்பி இல்ல."

"எப்படித் தெரியும்?"

"இப்ப ஒரு பேச்சுக்கு ஒரு தையக்காரர் இருக்காருன்னு வெச்சுக்குங்க. அவர்கிட்ட ஒரே ஒரு அளவுதான்..."

"எனக்குத் தையக்காரர் வேண்டாம். எப்படித் தெரியும்?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கேள்விக்கு முன்னால் வாத்தியார் கையில் உதாரணம் இல்லாமல் நின்றதே இல்லை. தெருவில் சட்டையில்லாமல் நிற்பதுபோலக் கூசியது. அதைக்கூட அவர் சொல்ல முடியவில்லை, அதுவும் உதாரணம்.

"நான் சொல்லிக் குடுத்தது" என்றார்.

எதிரில் இருந்தவர், கொஞ்சம் முன்னால் தான் சொன்னது ஞாபகம் வந்து, மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போனார்.

"எல்லாமா?"

"வீடு, பாய், எல்லாம்."

"இருமலும்?"

"இருமலும்."

தலைமைத் திருத்துநர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "அது எதைக் குறிக்குது?"

வாத்தியார் தேடினார். எலக்ட்ரானிடம் அதற்குச் சமமாக என்ன இருக்கிறது? நிறையா, மின்னூட்டமா, ஆற்றலா? எங்கும் கிடைக்கவில்லை.

"ஒண்ணையும் குறிக்கல சார். சும்மா. பசங்க சிரிச்சாங்க."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு வருஷமா சார்."

அரை மார்க்கம்மா அதற்குள் மீதித் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தோராவது தாளில் அவர் விரல் நின்றது. "இதுல வீடு இல்ல" என்று சொல்லிப் படித்தார். "'உள்கூட்டு எலக்ட்ரான்களை உட்கரு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது; வெளிக்கூட்டில் உள்ளவையே பிணைப்பில் பங்கு பெறுகின்றன. சோடியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் தானாகப் போவதில்லை. அதை எடுக்க ஆற்றல் செலவாகும். குளோரின் அதை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல் அந்தச் செலவை விடக் குறைவு. எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கும்போதுதான் அந்தக் குறை தீர்ந்து மேலும் ஆற்றல் வெளிவருகிறது. அதனால்தான் உப்பு உறுதியாக இருக்கிறது.'"

எண் மட்டுமே இருந்த அந்தத் தாள் யாருடையது என்று வாத்தியாருக்கு உடனே தெரிந்துவிட்டது. முதலில் பெருமை பொங்கியது. அடுத்த நிமிஷம் அது வடிந்துபோயிற்று. அதில் பெருமைப்பட அவருக்கு என்ன இருந்தது? அவள் கேட்டாள், அவர் பூனையைக் கொடுத்தார், அவள் நூலகத்துக்குப் போய்விட்டாள்.

"இது இருக்கறதால காப்பின்னு எழுத முடியாது" என்றார் தலைமைத் திருத்துநர். "இருக்கற வேதியியலுக்கு மட்டும் மார்க் போடுங்க. நீங்க கிளம்பலாம்." கடைசி வாக்கியம் நம்மவருக்கு. அரை மார்க்கம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்து, குறைக்க இடம் தேடி, கிடைக்காமல், நாலரை போட்டார். பழக்கதோஷம்.

மறுநாள் மெமோ வந்தது: நடந்ததை ஒரு பக்கத்துக்குள் விளக்கி எழுதவும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, 'ஒரு தோட்டக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்' என்று ஆரம்பித்து, கிழித்தார். 'படகு' என்று ஆரம்பித்து அதையும் கிழித்தார். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார். "என்ன செஞ்சீங்களோ அதை எழுதுங்க."

"நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்க வேண்டாம். போய்ச் சேரணும். அவ்வளவுதான்."

நாலு வரியில் முடிந்தது. தபாலில் சேர்த்தவரும் மனைவியே.

முடிவுகள் வந்தபோது, அந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றோ ஒன்றரையோதான் கிடைத்திருந்தது. எல்லோரும் எப்படியோ தப்பினார்கள், ஒருவனைத் தவிர. நர்சிங் விண்ணப்பக்காரன் வேதியியலில் இரண்டு மதிப்பெண்ணில் தவறியிருந்தான். மூன்று மாதத்தில் மறுதேர்வு. வாத்தியார் அவன் வீட்டுக்குத் தானே போனார். ஒற்றை அறை; தாய் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அது வாத்தியாருக்கு மெமோவை விட உறைத்தது.

வாரம் மூன்று நாள் போனார். முதல் நாள் கதை எதுவும் இல்லாமல் பாடத்தைச் சொன்னார். பையன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சார், உதாரணம்?"

"கிடையாது."

"அப்ப புரியலயே சார்."

"திரும்பச் சொல்றேன்."

திரும்பச் சொன்னார். நாலாவது தடவை சொல்லும்போது, எந்த இடத்தில் அவன் முழிக்கிறான் என்பது அவருக்கே முதன்முதலாகத் தெரிந்தது. முழிப்பு சோடியத்தில் இல்லை; 'மின்னூட்டம்' என்றால் என்ன என்பதிலேயே இருந்தது. மூன்று வருஷமாக அவனுக்கு அது தெரியாது. மூன்று வருஷமாக அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பையன் மறுதேர்வில் தேறிவிட்டான். வாத்தியார் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். இன்றும் ஆசிரியர் அறையில், "முகாம்ல என்னதான் சார் நடந்துச்சு?" என்று யாராவது கேட்டால், "அதை எப்படிச் சொல்றது, இப்ப ஒரு..." என்று தொடங்கி, சட்டென்று விழுங்குகிறார். விழுங்கியது கீழே இறங்கச் சற்று நேரம் பிடிக்கிறது. அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்று நீங்கள் காலை நீட்டிக்கொள்வது தெரிகிறது. ரொம்பச் சரி. ஒரு சின்னச் சோதனை மட்டும் பாக்கி. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, சோடியமும் குளோரினும் எதனால் சேர்ந்து நிற்கின்றன என்று சொல்லுங்கள். வீடு கூடாது, கட்டில் கூடாது, பாய் கூடாது. இந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. படித்து ஐந்து நிமிஷம்தானே ஆகிறது?

என்ன, தொண்டையைக் கனைத்துக்கொள்கிறீர்களே.